94 கடைகள், மூன்று வண்டிகள்: வழித்தட மென்பொருளில் இலவசமா, கட்டணமா?

கோயம்புத்தூர் சிங்காநல்லூர் அருகே இட்லி மாவு அரைத்துப் பாக்கெட் போட்டு விற்கும் ஒரு சிறு நிறுவனத்துக்கு நான் கணக்கு எழுதி வருகிறேன். 2025 ஜூன் மாதக் கடைசியில் அதன் உரிமையாளரான அம்மா ஒரு விலைப்பட்டியலைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். எந்த வண்டி எந்தெந்தக் கடைக்கு, எந்த வரிசையில் போக வேண்டும் என்பதைக் கணினியே வகுத்துத் தரும் மென்பொருளின் விற்பனையாளர் ஒருவர் முந்தைய நாள் வந்து போயிருந்தார். வண்டி ஒன்றுக்கு மாதம் 1,400 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. என்று அதில் இருந்தது. "தம்பி, செல்போன்லயே மேப் சும்மா வருதுங்க. அப்புறம் இதுக்கு எதுக்குக் காசு? இல்ல, இதுல வேற என்னமோ இருக்குதோ? நீங்க பார்த்துச் சொல்லுங்க" என்றார். ஒரு வாரத்தில் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். ஆறு மாதம் ஆனது.

மாவு வியாபாரத்தில் வழித்தடம் என்பது டீசல் செலவோடு முடிகிற விஷயமன்று. அரைத்த மாவு குளிரறையில் இருக்கும்வரை அடங்கிக் கிடக்கும். வண்டியில் ஏறிய நிமிடத்திலிருந்து மீண்டும் புளிக்கத் தொடங்கி, கரியமில வாயுவை வெளிவிட்டு, பாக்கெட்டைத் தலையணைபோல உப்ப வைக்கும். எங்கள் வண்டிகளில் குளிர்பதன வசதி கிடையாது. எட்டு மணிக்குள் கடைக்காரரின் ஃபிரிட்ஜுக்குள் போய்விட்ட பாக்கெட் மறுநாள் வரை தாங்கும். ஒன்பது மணிக்கு வெயிலில் போய் நிற்கும் பாக்கெட்டை அவர் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்திப் பார்த்துவிட்டு, பாக்கெட் அடுக்கிவரும் கிரேட் பெட்டியிலேயே திருப்பிப் போட்டுவிடுவார். அதற்குப் பெயர் ரிட்டன். ரிட்டன் வந்த மாவை யாருக்கும் விற்க முடியாது.

நிறுவனத்திடம் இரண்டு டாடா ஏஸ் வண்டிகளும் ஒரு லோடு ஆட்டோவும் இருந்தன. ஊர் வழக்கப்படி ஏஸ் வண்டிக்குக் குட்டி யானை என்றுதான் பெயர். வழித்தடம் என்ற சொல்லை அங்கே யாரும் சொல்வதில்லை, லைன் என்பார்கள். முதல் லைன் திருச்சி சாலையில் ஒண்டிப்புதூர், இருகூர், சூலூர் வரை 31 கடைகள். இரண்டாம் லைன் ஹோப்ஸ், பீளமேடு, சின்னியம்பாளையம், காளப்பட்டி, சரவணம்பட்டி என்று வடக்கே வளைந்து 36 கடைகள். மூன்றாம் லைன் ராமநாதபுரம், உக்கடம், டவுன்ஹால், ஆர்.எஸ்.புரம் பக்கம் 27 கடைகள். புகார் எழுந்தது இரண்டாம் லைனில்தான். சரவணம்பட்டிக் கடைகளில் ரிட்டன் கூடிக்கொண்டே போனது.

இருப்பதை அளந்தது

எதையும் வாங்குவதற்கு முன் இப்போது நடப்பதை இரண்டு வாரம் எழுதிவைக்கச் சொன்னேன். ஓட்டுநர்கள் புறப்படும்போதும் திரும்பும்போதும் கிலோமீட்டர் மீட்டரைக் கைப்பேசியில் படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்பினார்கள். கடைசிக் கடையில் இறக்கிய நேரத்தையும் சேர்த்துச் சொன்னார்கள். சராசரியாக முதல் லைன் 48 கி.மீ., இரண்டாம் லைன் 64 கி.மீ., மூன்றாம் லைன் 37 கி.மீ.; மொத்தம் 149. இரண்டாம் லைன் அதிகாலை 4.45க்குப் புறப்பட்டுக் கடைசிக் கடையை 8.55க்கு எட்டியது. அந்த லைனில் மட்டும் உப்பிப்போய்த் திரும்பிய பாக்கெட் நாளொன்றுக்குச் சராசரியாக 22.

இரண்டாம் லைனின் கடை வரிசையைத் தாளில் வாங்கி, வரைபடத்தில் புள்ளி வைத்துக் கோடு இழுத்தபோது, அது குழந்தை கிறுக்கியதுபோல இருந்தது. பீளமேட்டில் நான்கு கடை, பிறகு காளப்பட்டி, மறுபடி பீளமேட்டில் இரண்டு கடை, அங்கிருந்து சின்னியம்பாளையம். ஏன் இப்படி என்று கேட்டேன். ஓட்டுநருக்கே அது வினோதமாகப் படவில்லை. புதிய கடை சேரும்போதெல்லாம் அது பில் புத்தகத்தின் கடைசியில் எழுதப்பட்டிருக்கிறது; பில் புத்தகத்தின் வரிசையே கிரேட் அடுக்கும் வரிசையாகவும், கிரேட் அடுக்கிய வரிசையே வண்டி ஓடும் வரிசையாகவும் ஆகியிருக்கிறது. அதாவது, எட்டு ஆண்டுகளில் எந்தக் கடை எப்போது வாடிக்கையாளரானது என்ற வரலாற்றை அந்த வண்டி தினமும் விடியற்காலையில் ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்தது. இதைக் கண்டுபிடிக்க எந்த மென்பொருளும் தேவைப்படவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும்.

கைப்பேசி மேப்

முதலில் கூகுள் மேப்ஸ். தொடக்க இடத்தைத் தவிர ஒன்பது நிறுத்தங்களை அதில் சேர்க்கலாம். 36 கடைக்கு நான்கு துண்டுகளாகப் பிரித்து, நான்கு இணைப்புகளை முந்தைய இரவே ஓட்டுநருக்கு அனுப்பினோம். வழி தவறாமல் போக அது உதவியது. ஆனால் எங்கள் சிக்கல் வழி தெரியாதது அன்று. நாம் கொடுத்த வரிசையிலேயே அது வழிகாட்டும். வரிசையை மாற்றித் தராது. ஒன்பது கடைகளை வரிசைப்படுத்த 3,62,880 விதங்கள் உண்டு. 36 கடை என்றால் அந்த எண்ணிக்கை 42 இலக்கத்துக்குப் போய்விடும். மனித மூளை இதற்கு முன்னால் உட்கார்ந்து திகைக்க வேண்டியதில்லை. அருகருகே உள்ளதைச் சேர்த்துக்கொண்டு போனாலே ஓரளவு நல்ல வரிசை வந்துவிடும். ஆனாலும் ஓரளவு என்பது எவ்வளவு என்று தெரிய, ஒப்பிட்டுப் பார்க்க வேறொன்று வேண்டும்.

கோயம்புத்தூருக்கு கூகுள் மேப்ஸில் ஒரு தனி வசதி இருப்பதையும் குறிப்பிட வேண்டும். குறுகலான சாலைகளைத் தவிர்த்து வழிகாட்டும் வசதியை 2024 ஜூலையில் அந்நிறுவனம் இந்தியாவின் எட்டு நகரங்களில் அறிமுகப்படுத்தியபோது சென்னையோடு கோயம்புத்தூரும் பட்டியலில் இருந்தது. அது கார் ஓட்டுவோருக்கு நல்லது. டவுன்ஹால் பக்கத்துச் சந்துகளுக்குள்தான் எங்கள் கடைகளே இருக்கின்றன என்பதால் எங்களுக்கு அதனால் பெரிய பயன் இல்லை.

முகவரி என்னும் முள்

அடுத்த கட்டத்தில்தான் உண்மையான சிக்கல் தெரிந்தது. எந்த மென்பொருளானாலும் கடையின் முகவரியை வரைபடத்தில் ஒரு புள்ளியாக மாற்றிக்கொண்ட பிறகே வேலையைத் தொடங்கும். எங்கள் பில் புத்தகத்தில் இருந்த முகவரிகளோ "பிள்ளையார் கோயில் பின்புறம்", "பழைய ரேஷன் கடை எதிரில்", "தண்ணீர்த் தொட்டி வீதி" என்ற வகை. கோயம்புத்தூரில் பிள்ளையார் கோயிலுக்கா பஞ்சம்? இலவசக் கருவி சில கடைகளை வேறு பேட்டைக்குக் கொண்டுபோய் வைத்தது. கட்டண மென்பொருளின் சோதனைக் கணக்கில் அதே பட்டியலைப் போட்டபோது, அதுவும் ஏறத்தாழ அதே தவறுகளைச் செய்தது. என்ன, இன்னும் அழகான வண்ணத்தில் செய்தது. காசு கொடுத்தால் முகவரி சரியாகிவிடும் என்ற எங்கள் நம்பிக்கை அன்றோடு போயிற்று.

ஓட்டுநர்களிடமே இதை ஒப்படைத்தோம். ஒவ்வொரு கடை வாசலிலும் வண்டியை நிறுத்தியதும், வாட்ஸப்பில் தாம் நிற்கும் இடத்தை அனுப்பி, கீழே கடைப் பெயரைக் குரல் பதிவாகச் சொல்ல வேண்டும். மூன்று நாள் காலையில் 94 புள்ளிகளும் வந்துவிட்டன. அம்மாவின் மருமகள் அவற்றை ஓர் எக்செல் தாளில் ஏற்றினார். கூடவே மூன்று பத்திகளைச் சேர்த்தார். கடை எத்தனை மணிக்குத் திறக்கும், ஃபிரிட்ஜ் எத்தனை பாக்கெட் கொள்ளும், வழக்கமாக எத்தனை பாக்கெட் இறங்கும். இந்தத் தாள் முழுக்க முழுக்க நிறுவனத்தின் சொந்தச் சொத்து. இந்த ஆறு மாதத்தில் செய்த வேலைகளில் எதற்கு மதிப்பு அதிகம் என்று கேட்டால், நான் இந்தத் தாளைத்தான் காட்டுவேன். எந்த மென்பொருளுக்குள்ளும் இதை ஊற்றலாம். எதிலிருந்து வெளியேறினாலும் கையோடு எடுத்துக்கொண்டு வந்துவிடலாம்.

கணக்கு என்றைக்கோ இலவசமாகிவிட்டது

பல வண்டிகளுக்குப் பல நிறுத்தங்களைப் பிரித்துக் கொடுக்கும் இந்தக் கணக்கு புதியதன்று. பெட்ரோல் நிலையங்களுக்கு எரிபொருள் கொண்டுசெல்லும் லாரிகளை எப்படி அனுப்புவது என்ற கேள்வியை வைத்து ஜார்ஜ் டான்ட்சிக்கும் ஜான் ராம்சரும் 1959இலேயே கட்டுரை எழுதிவிட்டார்கள். 1964இல் கிளார்க்கும் ரைட்டும், இரண்டு தனித்தனிப் பயணங்களை ஒன்றாக இணைத்தால் எவ்வளவு மிச்சமாகும் என்று பார்த்துப் பார்த்துச் சேர்த்துக்கொண்டே போகும் எளிய முறையைத் தந்தார்கள். அதைத் தாளிலும் பென்சிலிலும்கூடச் செய்யலாம். அதன் பிறகு வந்த நுட்பங்களில் பெரும்பகுதி பல்கலைக்கழகங்களிலிருந்து வெளிவந்து, இன்று யாரும் எடுத்தாளக்கூடிய திறமூல மென்பொருள்களாகக் கிடைக்கிறது. ஆகவே, கட்டண மென்பொருளின் விற்பனையாளர் "எங்கள் அல்காரிதம்" என்று குரலை உயர்த்திச் சொல்லும்போது, அந்த இடத்தில் மட்டும் சற்றுச் சிரித்துக்கொள்ளலாம்.

அம்மாவின் அக்கா மகன் பொறியியல் கடைசி ஆண்டு படித்துக்கொண்டிருந்தான். அவனுடைய மடிக்கணினியில் மூன்று பொருள்களைச் சேர்த்தோம். ஒன்று, தன்னார்வலர்கள் 2004 முதல் வரைந்துவரும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் தென்னிந்தியக் கோப்பு. இரண்டாவது, அந்த வரைபடத்தின்மேல் இரண்டு இடங்களுக்கு நடுவே எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் என்று கணக்கிடும் ஓ.எஸ்.ஆர்.எம். மூன்றாவது, அந்தத் தூரங்களை வாங்கிக்கொண்டு, வண்டியின் கொள்ளளவையும் கடை திறக்கும் நேரத்தையும் மீறாமல் வரிசை வகுக்கும் வ்ரூம். ஓ.எஸ்.ஆர்.எம். பொதுவில் திறந்து வைத்திருக்கும் சோதனைச் சேவை, வணிகத்துக்கு அன்றாடம் பயன்படுத்துவதற்கானதன்று; அதனால் சொந்தக் கணினியிலேயே நிறுவ வேண்டியிருந்தது. 94 கடைகளும் ஆலையும் சேர்த்து 95 புள்ளிகள். ஒவ்வொன்றிலிருந்தும் ஒவ்வொன்றுக்கும் என்றால் 9,025 எண்கள் கொண்ட அட்டவணை. நிறுவுவதற்குப் பையனுக்கு இரண்டு வார இறுதிகள் ஆயின. விடை வர, தேநீர் ஆறுவதற்குள்ளான நேரம் போதுமாக இருந்தது.

விடை எங்களுக்குச் சொன்னது இரண்டு. சின்னியம்பாளையத்துக் கடைகள் நான்கையும் இரண்டாம் லைனிலிருந்து எடுத்து, இருகூர் வழியாக முதல் லைனில் சேர்க்க வேண்டும். யாருக்கும் இது தோன்றியிருக்கவில்லை. அவினாசி சாலைக் கடை என்றால் அவினாசி சாலை வண்டிக்குத்தான் என்று எல்லாரும் இருந்துவிட்டோம். அடுத்து, இரண்டாம் லைனைத் தலைகீழாக ஓட்ட வேண்டும். ஒரு வளையத்தை எந்தப் பக்கமாகச் சுற்றினாலும் கிலோமீட்டர் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் சரவணம்பட்டியை ஐந்தரை மணிக்கே முடித்துவிட்டால், சத்தி சாலையில் அலுவலகக் கூட்டம் கிளம்பும் நேரத்தில் வண்டி ஆலைக்குப் பக்கத்தில் வந்துவிட்டிருக்கும். மேலும், ஹோப்ஸ் பக்கத்துக் கடைகள் சில ஆறரைக்கு மேல்தான் திறக்கும் என்பது மருமகளின் தாளில் இருந்தது.

தாளில் வந்தது தரையில் அப்படியே வரவில்லை. முதல் நாள் இரண்டாம் லைன் ஓட்டுநர் திரும்பி வந்து சொன்ன வாசகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது: "சார், கம்ப்யூட்டருக்கு ரோடு தெரியுதுங்க. கடை ரோட்டுக்கு எந்தப் பக்கம்னு தெரியலைங்க." நடுவில் தடுப்புச் சுவர் உள்ள சாலையில், எதிர்ப்பக்கத்துக் கடைக்குப் போக அடுத்த யூ-டர்ன் வரை போய்த் திரும்பி வர வேண்டும். ஓ.எஸ்.ஆர்.எம்.மில் கடை இருக்கும் பக்கமாகவே வந்து சேரும்படி கேட்க ஒரு வசதி உண்டு. அதை நாங்கள் இயக்கியிருக்கவில்லை. இயக்கிய பிறகு கணக்கு நீண்டது, ஆனால் உண்மைக்கு நெருங்கியது. வரைபடத்தில் இன்னும் திறந்திருப்பதாகக் காட்டிய இரண்டு தடுப்புச் சுவர் இடைவெளிகள் நேரில் அடைக்கப்பட்டிருந்தன. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் யாரும் திருத்தலாம் என்பதால், பையனே உட்கார்ந்து அவற்றைத் திருத்தினான். கட்டண வரைபடமாக இருந்திருந்தால் புகார் அனுப்பிவிட்டுக் காத்திருந்திருப்போம்.

போக்குவரத்து நெரிசலை நேரலையாகப் பார்த்துக் கணக்கிடும் திறன் எங்கள் இலவச ஏற்பாட்டில் இல்லை. பெரும்பாலோர் கட்டண மென்பொருளுக்குப் போவதற்குச் சொல்லும் முதல் காரணம் இதுதான். ஆனால் காலை 4.45க்குப் புறப்படும் வண்டிக்கு ஏது நெரிசல்? பள்ளிப் பேருந்துகள் கிளம்பும் ஏழரைக்குப் பிறகுதான் அது தலைகாட்டும். அந்த ஒரு மணி நேரத்தைத் திசையை மாற்றியே சமாளித்தாகிவிட்டது.

ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தில் மறுபடி மீட்டர் படங்களை எடுத்தோம். முதல் லைன் நான்கு கடைகள் கூடியும் 46 கி.மீ.; இரண்டாம் லைன் 50; மூன்றாம் லைன் 33. மொத்தம் 129. இரண்டாம் லைனின் கடைசிக் கடை 8.10க்கு முடிந்தது, அந்த லைனில் உப்பித் திரும்பிய பாக்கெட் 22லிருந்து 8 ஆனது.

காசு கொடுத்துப் பார்த்தது

கட்டண மென்பொருளை இரண்டு வாரச் சோதனைக் கணக்கில், நாங்கள் சேகரித்த அதே புள்ளிகளை ஊற்றி ஓட்டினோம். கிலோமீட்டரில் கிடைத்த வித்தியாசம், மூன்று லைனும் சேர்த்து, நாளுக்கு ஒன்று. 129க்குப் பதில் 128.

இதை வைத்து அது வீண் என்று சொன்னால் நேர்மையாகாது. ஓட்டுநரின் கைப்பேசியில் அடுத்த கடை எது என்று பெரிய எழுத்தில் வந்தது. இறக்கியதும் படம் எடுத்து ஏற்ற முடிந்தது. வண்டி எங்கே நிற்கிறது என்பதை அம்மா வீட்டிலிருந்தே பார்த்தார். "அந்தக் கடைக்காரரு மாவு வரலைன்னு சொன்னாருன்னா இந்தப் படத்தைக் காட்டிடலாமுங்க" என்று மருமகள் மகிழ்ந்தார். ஏதாவது கோளாறு என்றால் கூப்பிட ஓர் எண்ணும் இருந்தது. வரிசை வகுக்கும் கணக்கைவிட, அதைச் சுற்றியுள்ள இந்தச் சௌகரியங்களுக்கே பணம் வாங்குகிறார்கள் என்பது என் கணிப்பு. அதில் தவறும் இல்லை. உறுத்தியது ஒன்றுதான். நாங்கள் ஏற்றிய கடைப் பட்டியலைத் திரும்ப எடுக்கப் பார்த்தபோது, சோதனைக் கணக்கில் பி.டி.எஃப். மட்டுமே கிடைக்கும், எக்செல் வேண்டுமானால் மேல்நிலைத் திட்டத்துக்கு மாறுங்கள் என்றார்கள். உங்கள் வீட்டுச் சாமானை வெளியே எடுக்கத் தனி வாடகை என்பதுபோல இருந்தது.

இப்போது கணக்கு. நாளுக்கு 20 கி.மீ. மிச்சம் என்றால் மாதத்துக்கு 600. லிட்டருக்கு 16 கி.மீ. என்று எல்லா வண்டிக்கும் பொதுவாக வைத்தால் 37.5 லிட்டர்; லிட்டர் 92 ரூபாய் வீதம் 3,450 ரூபாய். மூன்று வண்டிக்கும் மென்பொருள் கட்டணம் 4,200, ஜி.எஸ்.டி.யோடு 4,956 ரூபாய். அந்த வரியை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம் என்பதை விட்டாலும், டீசல் மிச்சத்தை முழுதாகப் போட்டும் கட்டணத்தை மூட முடியவில்லை. அதுவும், அந்த 20 கி.மீ. மிச்சம் முழுவதும் இலவசத்திலேயே வந்துவிட்டது. காசு கொடுத்தால் கூடுதலாக வருவது நாளுக்கு ஒரு கிலோமீட்டர், மாதத்துக்கு 175 ரூபாய்க்கும் குறைவு. மாறாக, ரிட்டன் குறைந்ததில் நாளுக்கு 14 பாக்கெட், பாக்கெட்டுக்கு அடக்கவிலை 30 ரூபாய் என்று வைத்தால் மாதம் 12,600 ரூபாய் தங்கியது. டீசலைத் துரத்திக்கொண்டு போன எங்களுக்கு நேரத்தில்தான் பணம் கிடைத்தது.

இந்த ஒரு கிலோமீட்டரை அமெரிக்காவின் யு.பி.எஸ். நிறுவனம் எப்படிப் பார்க்கிறது என்பதை ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும். ஓட்டுநருக்கு நாளொன்றுக்கு ஒரு மைல் குறைந்தால் ஆண்டுக்கு 5 கோடி டாலர் வரை மிச்சமாகும் என்று அந்நிறுவனம் சொல்லிவந்தது. ஓரியன் என்று பெயரிட்ட சொந்த மென்பொருளைப் பல ஆண்டுகள் செலவழித்து உருவாக்கி, 2016 வாக்கில் ஏறத்தாழ 55,000 அமெரிக்க வழித்தடங்களுக்கு அதை விரித்தது. ஆண்டுக்கு 10 கோடி மைல் குறைந்ததாகக் கணக்குக் காட்டியது. அங்கே ஒரு சதவீத மேம்பாட்டுக்கு ஒரு படையையே வேலைக்கு வைக்கலாம். மூன்று வண்டிக்காரருக்கு அந்த ஒரு சதவீதம் நாளுக்கு ஒரு டீக்காசுக்கும் காணாது.

தினமும் மாறும் பட்டியல்

இதோடு முடிந்திருந்தால் இலவசமே போதும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பேன். ஆனால் லோடு ஆட்டோவுக்கு மதியத்தில் இன்னொரு வேலை இருந்தது. அடுக்குமாடிக் குடியிருப்புகள், மாணவர் விடுதிகள், சமையல் ஒப்பந்தக்காரர்கள் ஆகியோர் முந்தைய இரவு பத்து மணி வரை வாட்ஸப்பில் சொல்லும் ஆர்டர்கள். ஒரு நாள் 18 இடம், மறுநாள் 30 இடம். முகங்களும் மாறும். மருமகள் தினமும் இரவு முக்கால் மணி நேரம் உட்கார்ந்து இதை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார்.

இங்கேதான் இரண்டு வகைக் கேள்விகளை நாங்கள் ஒன்றாகப் போட்டுக் குழப்பியிருந்தது தெரிந்தது. காலை லைன்கள் 94 கடைகளும் அன்றாடம் அதேதான். ஒருமுறை வகுத்தால் கடை சேரும்வரை, விலகும்வரை போதும். ஆண்டுக்கு நான்கைந்து தடவை செய்கிற வேலைக்கு மாதாமாதம் சந்தா எதற்கு? மதிய ஆட்டோவுக்கோ கணக்கு தினமும் புதிதாகப் பிறக்கிறது. 20 இடம் வரை இலவசமாக வரிசைப்படுத்தித் தரும் இணையக் கருவிகளை முயன்றோம். 24 இடம் வந்த நாளில் இரண்டாக வெட்டிப் போட, இரண்டு பாதியும் ஒரே வீதியில் போய்க் குறுக்கிட்டன. பையனின் மடிக்கணினியை இரவு பத்தரைக்குத் திறக்கச் சொல்ல முடியாது; அவனுக்குத் தேர்வு வேறு இருந்தது.

தினமும் சிறிது மாறும் பட்டியலுக்கு மென்பொருளே இல்லாமல் விடை கண்ட ஒரு நிகழ்வும் உண்டு. அட்லாண்டா நகரில் முதியோர் வீடுகளுக்கு மதிய உணவு கொண்டுசேர்க்கும் தொண்டு அமைப்புக்காக, ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தின் ஜான் பார்தோல்டியும் லோரன் பிளாட்ஸ்மனும் சகாக்களோடு 1983இல் வெளியிட்ட ஏற்பாடு அது. அமைப்பிடம் கணினி இல்லை, பணமும் இல்லை. நகர வரைபடம் முழுவதையும் விடாமல் தொட்டுச் செல்லும் ஒரே வளைகோட்டைக் கற்பனை செய்து, ஒவ்வொரு வீட்டுக்கும் அந்தக் கோட்டில் அது விழும் இடத்துக்கு ஓர் எண்ணைக் கொடுத்தார்கள். அந்த எண் வரிசையில் அட்டைகளைச் சுழல் அட்டைப் பெட்டியில் கோத்துவிட்டால் அதுவே வழித்தடம். புதியவர் சேர்ந்தால் அவர் எண்ணுக்குரிய இடத்தில் ஓர் அட்டை செருக வேண்டும். ஒருவர் விலகினால் அட்டையை உருவிவிட வேண்டும். பெயர் வரிசையில் தேட இன்னொரு பெட்டி. மொத்தச் செலவு 50 டாலருக்குள். இந்த முறை தரும் பாதை மிகச் சிறந்த பாதையைவிடச் சராசரியாக 25 சதவீதம் நீளம் என்பதை அவர்களே சொல்லிவிட்டார்கள். நான்கு ஓட்டுநர்களை அன்றாடம் குழப்பமின்றி அனுப்ப அது போதுமானதாக இருந்தது.

நாங்கள் அட்டைப் பெட்டிக்குப் போகவில்லை. மதிய ஆட்டோ ஒன்றுக்கு மட்டும் கட்டணச் சந்தா எடுத்தோம்: வரியோடு மாதம் 1,652 ரூபாய். மருமகளின் முக்கால் மணி நேரம் பத்து நிமிடமானது; ஆர்டர் கொடுத்தவர்களுக்கு வண்டி வரும் நேரம் செய்தியாகப் போவதால், "எப்போங்க வரும்?" என்ற தொலைபேசி அழைப்புகளும் குறைந்தன. காலை லைன்கள் மூன்றும் இலவச ஏற்பாட்டிலேயே நின்றன. ஒரு வண்டிக்கு மட்டும் விற்க விற்பனையாளருக்கு மனமில்லை. மூன்றுக்கும் சேர்த்தால் தள்ளுபடி என்றார். அம்மா அசையவில்லை.

இலவசத்தைப் பராமரிப்பது

இலவசம் என்பது விலைப்பட்டியலில்தான். அக்டோபரில் பையனுக்குப் பெங்களூரில் பயிற்சி வேலை கிடைத்துப் போய்விட்டான். அதே மாதத்தில் அவினாசி சாலையில் கோல்டுவின்ஸ் முதல் உப்பிலிபாளையம் வரை 10.1 கி.மீ. நீள மேம்பாலம் திறக்கப்பட்டது. எங்கள் கணினியில் இருந்ததோ ஜூலையில் இறக்கிய வரைபடக் கோப்பு. அதைப் பொறுத்தவரை மேம்பாலம் இல்லை. பையன் வீடியோ அழைப்பில் வந்து ஒவ்வொரு கட்டளையாகச் சொல்லச் சொல்ல, மருமகள் புதிய கோப்பை இறக்கி ஏற்றினார். அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுவதும் அதிலேயே போனது. கட்டணச் சேவையில் இந்த வேலை நமக்குத் தெரியாமலேயே நடந்திருக்கும். இதற்காகவே பத்துப் பக்கத்தில் ஒரு குறிப்பேடு எழுதிவைக்கச் சொன்னேன். பையனுக்குத் தெரிந்தது நிறுவனத்துக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

மறுபக்கம், நிறுவனங்கள் தரும் இலவச அளவும் நிலையானதன்று. வரைபடச் சேவையைத் தம் செயலிக்குள் இணைத்துக்கொள்வோருக்கு கூகுள் கொடுத்துவந்த தாராளமான இலவச அளவு 2018இல் மாதம் 200 டாலர் கழிவாகச் சுருங்கியது. 2025 மார்ச்சில் அந்தக் கழிவும் நீங்கி, ஒவ்வொரு சேவைக்கும் தனித்தனி இலவச வரம்பு வந்தது. பெரியவர்களும் இதில் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள்: கூகுள் மேப்ஸுக்கு ஆண்டுக்கு 100 கோடி ரூபாய் கொடுத்துவந்ததாகச் சொன்ன ஓலா, 2024 ஜூலையில் சொந்த வரைபடத்துக்கு மாறியது. எனவே சந்தாவைப் பன்னிரண்டு மாதத்துக்கு ஒன்றாகக் கட்டாமல் மாதாமாதமே கட்டுகிறோம். கடைப் பட்டியலின் மூலப் பிரதி எப்போதும் மருமகளின் எக்செல் தாள்தான்.

டிசம்பரில் இரண்டாம் லைனில் மூன்று கடைகள் சேர, மறுபடி வரிசை வகுத்தோம். ஒரு வாரம் கழித்து மீட்டர் படங்களைப் பார்த்தபோது, ஓட்டுநர் காளப்பட்டியில் இரண்டு கடைகளைத் தானாகவே முன்பின்னாக மாற்றியிருந்தார். அதனால் ஒன்றரை கி.மீ. கூடுதல். கேட்டேன். "அந்தக் கடைக்காரர் பால் வண்டி வந்தப்புறம்தான் ஷட்டரைத் தூக்குவாருங்க. முன்னாடி போனா பத்து நிமிஷம் நிக்கணும்" என்றார். மருமகள் அந்தக் கடையின் திறக்கும் நேரத்தை 5.30லிருந்து 6.10 என்று திருத்தினார். மறுபடி கணக்கிட்டதில் வ்ரூம் கொடுத்த வரிசை, ஓட்டுநர் ஓட்டிக்கொண்டிருந்த அதே வரிசை.